இறங்காத பாட்டில்

1996 ஜூலை 28, ஞாயிறு

ஊர் மாரியம்மனுக்கு ஆடி நோம்பி, அதாவது திருவிழா. இன்று எங்கள் கோயமுத்தூர் கணபதி வட்டாரத்தில் என் குரல் படாத காது ஒன்று இருந்தால் அது கல்லில் செதுக்கிய காதாகத்தான் இருக்கும். அழகிரி சவுண்ட் சர்வீஸ் — இரண்டு ஆம்ப்ளிஃபயர், எட்டு குழாய் ஸ்பீக்கர், ஒரே ஒரு சக்கரவர்த்தி. காலையில் நான் 'ஹலோ, மைக் டெஸ்டிங்' சொன்னபோது நீலகிரியில் இரண்டு யானைகள் திரும்பிப் பார்த்ததாகத் தகவல்.

இதைச் சொன்னால் சிரிக்க வேண்டிய ஆள்தான் பக்கத்தில் இல்லை. மச்சான் ஐயாசாமி, எங்கக்கா சின்னாத்தாளைக் கட்டியவர். காலமெல்லாம் மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு மலை பஸ் ஓட்டியவர். ஒவ்வொரு நோம்பிக்கும் என் ஆம்ப்ளிஃபயர் பெட்டி மேல் உட்கார்ந்துகொண்டு, "மாப்ளே, உன்ற வாய்க்கு ஒரு ஹேண்ட் பிரேக் வெக்கோணும்" என்பார். இன்று கட்டிலை விட்டு எழவில்லை.

நோய் எலும்புக்குப் போய்விட்டது. பெரிய டாக்டர் போன மாதமே அக்கா மகன் ரவிக்குமாரை வராந்தாவுக்குத் தள்ளிக்கொண்டு போய்ச் சொல்லிவிட்டார்: இனிமேல் வைத்தியம் கிடையாது, வீட்டுக்குக் கொண்டுபோங்கள். மச்சானிடம் யாரும் சொல்லவில்லை. 'முதுகுல வாயு புடிச்சிருக்குதுங்க' என்று ஒரு நாடகம் ஓடுகிறது. கதை, வசனம், இயக்கம் எல்லாம் அவர்கள் வீட்டு மாடியில் குடியிருக்கும் பிரம்மச்சாரியாகிய நான்.

ஆகஸ்ட் 1, வியாழன்

மச்சான் இன்று கத்தினார். கொண்டை ஊசி வளைவில் லாரி எதிரே வந்தபோதுகூட கத்தாத மனுசன்.

ஆகஸ்ட் 3, சனி

வலிக்கு மாத்திரை தேடி திக்விஜயம். காந்திபுரத்தில் ஆரம்பித்து உக்கடம் வரை, மெடிக்கல் ஷாப் என்று போர்டு மாட்டியவன் ஒருத்தனையும் விடவில்லை. சீட்டைப் பார்த்ததும் எல்லோர் முகமும் நான் வெடிகுண்டு கேட்ட மாதிரி மாறியது. "இதெல்லாம் அபின் சாமானமுங்க. நாங்க வெக்கறதில்லீங்க." கடைசிக் கடைக்காரன் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "யாருக்குங்க?" என்றான். எனக்கென்றால் கொடுத்திருப்பானா?

கடைசியில் தலைவலி மாத்திரையோடு திரும்பினேன். யானைப் பசிக்குச் சோளப்பொரி போட்ட கதை.

எழுதி வைக்கிறேன், பின்னால் குழம்பக் கூடாது. மச்சானைச் சாவிலிருந்து நிறுத்தி வைக்க எனக்குச் சக்தி இல்லை, அது தெரிகிறது. அவர் கத்திக்கொண்டு போகக் கூடாது. அவராகவே இருந்து போக வேண்டும். அவ்வளவுதான் கேட்கிறேன். இந்தக் கோயமுத்தூரில் இதற்கு ஒரு இடம் இல்லையா?

ஆகஸ்ட் 5, திங்கள்

இருக்கிறது! ரவி கண்டுபிடித்துவிட்டான். ஊருக்கு நடுவில் கண்ணாடி மாளிகை போல ஒரு நர்சிங் ஹோம். வாசலில் கிரானைட். உள்ளே நுழைந்ததும் மீன் தொட்டி. எங்கள் வீட்டுக்குப் பின்னாலிருக்கும் பொடக்காணியை விடப் பெரிய தொட்டி, அதில் அரசிளங்குமாரிகள் போல மீன்கள். லிப்ட் கதவு தானாகத் திறக்கிறது. நான் வேண்டுமென்றே இரண்டு தடவை ஏறி இறங்கினேன். வரவேற்பில் இருந்த பெண், "டோன்ட் ஒர்ரி சார், எல்லாம் நாங்க பாத்துக்கறோம்" என்றாள். இந்திரலோகத்தில் மச்சானுக்கு ஒரு கட்டில் கிடைத்தது.

மச்சான் மீன் தொட்டியைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இதுகளும் வெளிய போக முடியாது போல."

ஆகஸ்ட் 8, வியாழன்

ஒறம்பரை, சொந்தபந்தமெல்லாம், வர ஆரம்பித்துவிட்டார்கள். கையில் ஹார்லிக்ஸ், ஆரஞ்சு. உள்ளே நுழைந்ததும் மச்சான் முகத்தைப் பார்ப்பதில்லை. நேராக மேலே பார்க்கிறார்கள், எத்தனை பாட்டில் தொங்குகிறது என்று. இன்று மூன்று. "பரவால்லீங்க, நல்லாத்தான் கவனிக்கறாங்க" என்று திருப்தியாகப் போனார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. மூன்று பாட்டில்! எங்கள் வம்சத்திலேயே மூன்று பாட்டில் ஏறிய முதல் ஆள்.

மச்சான் கால் மட்டும் வீங்கியிருக்கிறது. கேட்டால், டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது கேளுங்கள் என்கிறார்கள். டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தார். ராக்கெட் கூட அதைவிட மெதுவாகத்தான் போகும்.

ஆகஸ்ட் 10, சனி

கையைக் கட்டிப்போட்டாங்க.

வலது கையை. கட்டில் கம்பியோடு சேர்த்து, பேண்டேஜ் துணியால. ஊசியப் புடுங்கறாராம். அந்தக் கைதாய்யா ஸ்டீயரிங் புடிச்ச கை! எங்கக்காவை 'விசிட்டர் டைம் முடிஞ்சுது' என்று வெளியே தள்ளிவிட்டுக் கட்டியிருக்கிறார்கள். நான் போனபோது மச்சான் என்னைப் பார்த்தார். எங்கள் இருவருக்கும் நடுவில் இத்தனை வருடத்தில் ஒரு கேலி இல்லாமல் போன பார்வை அது ஒன்றுதான்.

நான் கத்தினேன். ஆம்ப்ளிஃபயர் இல்லாமலே நான்கு மாடிக்கும் கேட்டிருக்கும். செக்யூரிட்டி வந்தான். கட்டை அவிழ்த்தார்கள். நான் இறங்கி பஸ் ஏறுவதற்குள் மறுபடி கட்டியிருப்பார்கள், எனக்குத் தெரியாதா?

ஆகஸ்ட் 11, ஞாயிறு

ரவியோடு சண்டை.

"வேற எங்கீங்க மாமா போறது? ஊட்டுல வெச்சுட்டு அவரு கத்தறதக் கேக்கச் சொல்றீங்களா?"

"இங்க கத்தறது மட்டும் என்னடா, சங்கீதமா?"

"சும்மா உட்டுட்டான்னு ஊரு சொல்லாதுங்களா? ஒரே பையன், அப்பனுக்குப் பாக்கலீன்னு?"

அவன் அழுதுவிட்டான். பெருந்துறையில் பாய்லர் முன்னால் நின்று வேலை பார்க்கிறவன், மீன் தொட்டி முன்னால் நின்று அழுதான். அவனைத் திட்டி என்ன பிரயோஜனம்? அவன் நினைப்பதைத்தான் நானும் நேற்று வரைக்கும் நினைத்தேன்.

ஆகஸ்ட் 12, திங்கள்

பஷீர் வந்தான். சீரியல் லைட் போடுகிறவன். கல்யாண வீட்டுக்கு நான் சத்தம், அவன் வெளிச்சம். விஷயத்தைக் கேட்டுவிட்டு ரொம்ப நேரம் பல்பைத் துடைத்துக்கொண்டே இருந்தான்.

"எங்க அத்தாவை வெச்சிருந்த எடம் ஒண்ணு இருக்குதுங்கண்ணா. காரமடைக்கு முன்னாடி இறங்கி உள்ள போகோணும். கடைசில அங்கதான் இருந்தாரு."

"நல்லா பாத்தாங்களா?"

"நல்லா இருந்தாருங்கண்ணா" என்றான்.

நான் கேட்டது ஒன்று, அவன் சொன்னது ஒன்று. நாளைக்குப் போய்ப் பார்க்கிறேன்.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

போனேன். பார்த்தேன். பஷீரைக் கொல்ல வேண்டும்.

பஸ்ஸை விட்டு இறங்கினால் போர்டைக் காணோம். இருக்கிறது, ஒரு வேப்ப மரத்துக்குப் பின்னால், என் உள்ளங்கை அகலத்தில். ஓட்டுக் கட்டிடம். சுவரில் பெயின்ட் போன ஜென்மத்தில் அடித்தது. லிப்ட் வேண்டாம், மாடியே இல்லை. மீன் தொட்டி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மண்பானை. எட்டுப் பத்துக் கட்டில் இருக்கும். பாட்டில் தொங்கின கட்டில் ஒன்றுகூட இல்லை. நான் எண்ணினேன்!

நர்ஸ் ஒரு பெண், பெயர் அன்புச்செல்வி. ஃபைலை நீட்டினேன். ஒரு கன்றுக்குட்டி எடை இருக்கும் அந்த ஃபைல். வாங்கி மடியில் வைத்துக்கொண்டது.

"பாத்துக்கறேனுங்க. அவரு காலைல காப்பிங்களா, டீங்களா?"

"கேன்சருங்க!" என்றேன்.

"அது இதுல இருக்குமுங்க. காப்பியா, டீயா?"

பிறகு கேள்வி மேல் கேள்வி. படுத்திருந்தால் வலியா, திருப்பினால் வலியா? எரிச்சலா, குத்தலா? கடைசியாக வயிறு எப்போது போனது? தன் உடம்பைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்?

"ஒண்ணும் தெரியாதுங்க."

"தெரியாதுன்னு அவரு உங்ககிட்டச் சொன்னாருங்களா?"

பேச்சை மாற்றி, இங்கே வந்தால் நல்லாகிவிடுமா என்று கேட்டேன். "இல்லீங்க. நோய் நல்லாகாதுங்க. வலியக் கொறைக்கலாம். ஒரேயடியாப் போயிரும்னும் நான் சொல்லமாட்டேன்" என்றது. ஒரு மரியாதைக்காவது பொய் சொல்லக் கூடாதா? அங்கே மீன் தொட்டிக்காரி எத்தனை அழகாக டோன்ட் ஒர்ரி சொன்னாள்!

கடைசியில் ஒன்று சொன்னதே, அதுதான் பொறுக்கவில்லை. "சத்தம் மட்டும் சித்தே கம்மியாப் பேசுங்க, உள்ள தூங்கறாங்க." என்னையா! கொங்கு மண்டலத்தின் ஒலிச் சக்கரவர்த்தியையா!

ஆகஸ்ட் 14, புதன்

இன்று மாளிகை வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே விடவில்லை. கண்ணை மூடினேன். தொழில் காது, சும்மா இருக்காது. எந்த ஸ்பீக்கர் இரைகிறது, எந்த ஒயர் லூஸ் என்று கண்ணை மூடித்தான் கண்டுபிடிப்பேன்.

"சிஸ்டர்… சிஸ்டர்…" இந்த மூலையிலிருந்து ஒரு கிழவர். அந்த மூலையிலிருந்து ஒரு அம்மா. யாரும் போகிற செருப்புச் சத்தம் இல்லை. மறுபடி "சிஸ்டர்". பிறகு அந்தக் குரல் தானாக நின்றுவிடுகிறது. வலி நின்றதால் இல்லை, கூப்பிட்டு அலுத்ததால்.

அப்போதுதான் உறைத்தது. நேற்று அந்த ஓட்டுக் கட்டிடத்தில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். யாரும் யாரையும் கூப்பிட்டுக் கத்தவில்லை. அரை உயிரில் கிடக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். இல்லை, பேச்சு இருந்தது. ஒரு ஆள் இருமிச் சிரித்தான்கூட. யாரோ முனகினார்கள். முனகல் முடியும் முன்னே செருப்புச் சத்தம். "ஏனுங்கம்மா?" என்று ஒரு குரல்.

கண்ணால் பார்த்த முட்டாளே, காதால் பார்த்திருக்கக் கூடாதா நீ?

ஆகஸ்ட் 15, வியாழன்

காரமடைப் பக்கம் கொண்டுபோக ரவி ஒத்துக்கொண்டான். டிஸ்சார்ஜ் எழுத டாக்டர் இல்லை, சுதந்திர தினம். நாடே விடுதலையான நாளில் மச்சானுக்கு மட்டும் இல்லை.

ஆகஸ்ட் 16, வெள்ளி

மேட்டுப்பாளையம் ரோட்டில் ஆம்புலன்ஸ். மச்சான் படுத்தவாக்கில் டிரைவருக்குப் பாடம்: "தம்பி, கியரை மாத்துங்க. வண்டி அழுவுது, உங்களுக்குக் கேக்கலீங்களா?" ஒவ்வொரு குழிக்கும் பல்லைக் கடித்தார். அதற்கு நடுவிலும் பாடம்.

ஓட்டுக் கட்டிடம் போய்ச் சேர்ந்ததும் அங்கத்து டாக்டரம்மா வந்து ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். இத்தனை மாதத்தில் மச்சான் பக்கத்தில் உட்கார்ந்த முதல் டாக்டர். எங்களைக் கேட்கவில்லை, அவரைக் கேட்டார். "உங்க ஒடம்புக்கு என்னன்னு நெனைக்கறீங்க ஐயா?"

நான் ஓடிப்போய், "வாயுங்க" என்று வசனம் எடுத்துக்கொடுக்கப் பார்த்தேன். மச்சான் என்னைப் பார்க்கவே இல்லை.

"எறக்கத்துல பிரேக் புடிக்கலீன்னு தெரியுதுங்க. அது ரொம்ப நாளாவே தெரியுமுங்க. வண்டிய எங்க ஓரங்கட்டறதுன்னுதான் ஒருத்தனும் சொல்ல மாட்டேங்கறான்."

எங்கக்கா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டது. ரவி ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டான். டாக்டரம்மா, "ஓரங்கட்டத்தானுங்க நாங்க இருக்கறோம்" என்றார். மச்சான் மெதுவாகத் தலையாட்டினார். இத்தனை நாள் நான் எழுதி இயக்கிய நாடகம்! பார்த்துக்கொண்டிருந்தவர் ஒரே ஒருத்தர். அவருக்கும் முடிவு முதலிலேயே தெரியும். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. எத்தனை பேச்சு பேசியிருக்கலாம் இந்த மாதங்களில்!

ஒரு மருந்துத் தண்ணீர், கடைக்காரர்கள் பயந்த அதே அபின் சாமான், கசப்பாம். வலி வந்தபிறகு இல்லை, வருவதற்கு முன்னாலேயே, மணி தவறாமல் கொடுக்கிறார்கள்.

ஆகஸ்ட் 19, திங்கள்

மச்சான் சவரம் செய்துகொண்டார். மீசை ஓரம் சரியில்லை என்று என்னைத் திட்டினார். ஆஹா!

அன்புச்செல்வி ஒரு காரியம் செய்கிறது. தொடுவதற்கு முன்னால் சொல்லிவிட்டுத் தொடுகிறது. "ஐயா, இந்தப் பக்கம் திருப்பறேனுங்க." "ஐயா, தண்ணி கொஞ்சம் சில்லுனு இருக்கும்ங்க." தூங்கும்போதுகூட. தூங்குகிற ஆளிடம் என்ன பேச்சு என்று கேட்டேன். "தூங்கறவங்களுக்கும் திடுக்குன்னு இருக்கும்ங்களே" என்றது.

காப்பி. ஆமாம், காப்பிதான் கொடுத்தார்கள்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

வலி மறுபடி. நான் குதித்தேன். என்ன பெரிய இடம், என்ன கசப்புத் தண்ணீர்! டாக்டரம்மா வந்து அளவைக் கூட்டினார். பொழுதோடு அடங்கியது. மருந்து கையிருப்பு கம்மி, லைசென்ஸ் புதுப்பிக்க அலைகிறேன் என்று மறைக்காமல் சொன்னார். நம் நாட்டில் சாராயத்துக்கு இருக்கும் சுதந்திரம் இந்த மருந்துக்கு இல்லை.

சாயங்காலம் மச்சான் ரவியைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சொன்னார்: "உங்கம்மாவை மாடி ஊட்டுக்காரன் பாத்துக்குவான். அவனை நீ பாத்துக்க. அவனுக்குத்தான் ஆளில்லை." என்னைப் பற்றி நான் இருக்கும்போதே! கேட்காத மாதிரி ஜன்னலைத் துடைத்தேன். சுத்தமான ஜன்னல்.

செப்டம்பர் 1, ஞாயிறு

பெருந்துறையிலிருந்து பழனியாத்தாள் வந்தது. மச்சானின் மூத்த அக்கா. அது வந்தால் பஸ் ஸ்டாண்டே எழுந்து நிற்கும், அவ்வளவு அதிகாரம். மச்சான் இப்போதெல்லாம் இரண்டு வாய்க்கு மேல் சாப்பிடுவதில்லை, தூக்கம்தான் அதிகம். பழனியாத்தாள் நுழைந்ததும் மேலே பார்த்தது. பாட்டில் இல்லை. ஆணி கூட இல்லை.

"ஏம்ப்பா அழகிரி, என்ற தம்பியக் கொண்டாந்து பட்டினி போட்டுருக்கறீங்களா? ஒரு குளுக்கோஸுக்குக் கூட வக்கில்லாத எடமா இது? அநாதைப் பொணமாட்டக் கெடக்கறானே!"

வேப்ப மரத்துக் காக்காயெல்லாம் பறந்தன. எனக்கு மானம் போனது. நான், தரம் பார்த்துக் கூட்டிவந்தவன், டாக்டரம்மாவிடம் போய் ஒரு பாட்டிலாவது ஏற்றுங்கள் என்று சண்டை போட்டேன். இந்த நிலையில் உடம்பு தண்ணீரை ஏற்காது, நெஞ்சில் தேங்கும் என்று பொறுமையாகச் சொன்னார். நான் கேட்கவில்லை. "சரிங்க, அவரையே கேப்போம்" என்றார்.

மச்சான் கண்ணைத் திறந்து அக்காவைப் பார்த்தார், பிறகு என்னை. "உங்களுக்கு வேணும்னா ஏத்திக்குங்க" என்றார்.

எங்களுக்கு வேண்டும் என்றுதான் ஏற்றினோம்.

செப்டம்பர் 2, திங்கள்

நெஞ்சில் கொர் கொர் என்று சத்தம். படுக்க முடியவில்லை, உட்கார வைத்தே பிடித்திருந்தோம். பாட்டிலைக் கழற்றிவிட்டார்கள்.

நான்தான். நான்தான். ஒறம்பரை மெச்ச வேண்டும் என்று. தூ.

யாரும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்புச்செல்வி, "ஐயா, தலகாணிய ஒசத்தறேனுங்க" என்றது. அவரிடம்தான் சொன்னது. எனக்குத்தான் சுட்டது.

செப்டம்பர் 6, வெள்ளி

நெஞ்சுச் சத்தம் குறைந்துவிட்டது. மச்சானுக்கு இன்று பேச்சு வருகிறது. தாழ்ந்த குரலில் திட்டம் போட்டார்.

"ஞாயித்துக்கெழமை எங்கக்கா மறுக்கா வருவா. பாட்டில் இல்லீன்னா ஊரைக் கூட்டுவா. உன்ற மைக் ஸ்டாண்டு இருக்குதில்ல மாப்ளே?"

"இருக்குதுங்க."

"அப்பறம் என்ன ரோசனை?"

இவர் மச்சானா, மகா சூத்திரதாரியா!

செப்டம்பர் 8, ஞாயிறு

என் தொழில் வாழ்க்கையின் மகத்தான செட்டிங். ஆறடி மைக் ஸ்டாண்டு, அதன் தலையில் காலி குளுக்கோஸ் பாட்டில், அதில் மண்பானைத் தண்ணீர், ட்யூப் நேராகப் போர்வைக்குள். மணிக்கட்டில் பிளாஸ்திரி. அன்புச்செல்வி சாப்பிடப் போயிருந்த சமயம். எங்கக்கா சின்னாத்தாள் தலையில் அடித்துக்கொண்டது.

பழனியாத்தாள் வந்தது. மேலே பார்த்தது. முகம் குளிர்ந்தது. "ம். இப்பத்தான் ஆசுபத்திரியாட்டம் இருக்குது" என்று ஸ்டூலில் உட்கார்ந்தது. நான் வெற்றிக்கொடி ஏற்றிவிட்டேன். ஆனால் கிளம்ப மாட்டேன் என்கிறது! பாட்டிலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

"ஏம்ப்பா அழகிரி, இது எறங்கவே மாட்டேங்குதே?"

"மெதுவா எறங்கற மருந்துங்க்கா. ஃபாரின்."

"ஒரு சொட்டுக்கூட உழுவுல."

"கண்ணுக்குத் தெரியாத சொட்டுங்க."

போர்வைக்குள் மச்சான் வயிறு குலுங்க ஆரம்பித்தது. சிரிப்பு. எனக்கும் அடக்க முடியவில்லை. பழனியாத்தாள் போர்வையை விலக்கியது. ட்யூபின் நுனி மச்சானின் கைமுஷ்டிக்குள் இருந்தது.

கத்தப்போகிறது என்று காதைத் தயார் செய்துகொண்டேன். கத்தவில்லை.

"என்னெய ஏமாத்திப்போட்டீங்களேடா. பொறந்தவளுக்கு அவன் ஒண்ணுமில்லாமப் போறத வேடிக்கை பாக்கத்தான் விதியா? நான் ஒண்ணுஞ் செய்யாம எப்படிடா உக்காந்திருக்கறது?"

அன்புச்செல்வி உள்ளே வந்தது. மைக் ஸ்டாண்டைப் பார்த்தது, பாட்டிலைப் பார்த்தது, என்னைப் பார்த்தது. நான் நீலகிரி பக்கம் பார்த்தேன். அது பழனியாத்தாளிடம் போய்க் குனிந்து கேட்டது:

"சின்னதுல இவருக்கு ஆருங்கம்மா சோறு ஊட்டுனது?"

"நாந்தான். எங்கம்மா விடிஞ்சா பண்ணையத்துக்குப் போயிருமே."

"அப்ப வாங்க."

கையைக் கழுவவைத்தது. தலைமாட்டில் உட்காரவைத்தது. இளநீரும் ஒரு சின்னக் கரண்டியும். "அரைக் கரண்டிதானுங்க. முழுங்கற வரைக்கும் பாத்துக்கோணும். அவரு வாயை மூடிட்டா நிறுத்திக்கோணும். அது அவரு சொல்றது. அப்பறம் பஞ்சை நனைச்சு ஒதட்டுல மட்டும்."

ஊரையே அதட்டுகிற அந்தக் கை எவ்வளவு மெதுவாகப் போனது! கரண்டி டம்ளரில் படும் சத்தம் மட்டும்தான் கேட்டது. கொஞ்ச நேரத்தில் மச்சான் வாயை மூடினார். பழனியாத்தாள் கரண்டியை அந்தரத்தில் பிடித்தபடி நர்ஸைப் பார்த்தது. பிறகு தானாகவே கீழே வைத்தது.

"போதுமாடா சாமி?"

"போதுங்க்கா."

நான் ஸ்டாண்டை மடக்கப் போனேன். "அது இருக்கட்டுங்க" என்றது அன்புச்செல்வி. "அந்தக் கடைசிக் கட்டில் அம்மாவுக்கு வெயில் மூஞ்சில அடிக்குது. துணி கட்டிக்கலாம்."

செப்டம்பர் 9, திங்கள்

கோபம் அடங்க மாட்டேன் என்கிறது. பெரிய டாக்டர் அன்று வராந்தாவில், வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்று சொன்னாரே, அதோடு இன்னும் ஒரு வரி — காரமடைக்கு முன்னால் இப்படி ஒரு இடம் இருக்கிறது என்று — சொன்னால் நாக்கு தேய்ந்தா போகும்? பல்பு துடைக்கிற பஷீர் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? மச்சான் கை கட்டப்பட்டுக் கிடந்த நாளெல்லாம் இந்தக் கட்டில் இங்கே காலியாகத்தானே இருந்திருக்கும்?

பழனியாத்தாள் பெருந்துறைக்குப் போகவில்லை. இங்கேயே இருக்கிறது.

செப்டம்பர் 14, சனி

மச்சான் போய்விட்டார். முற்பகலில். கத்தவில்லை.

அக்கா ஒரு கையை, பழனியாத்தாள் ஒரு கையைப் பிடித்திருந்தார்கள். ரவி காலடியில். அன்புச்செல்வி முன்னாலேயே சொல்லியிருந்தது: மூச்சு விட்டு விட்டு வரும், பயந்துக்காதீங்க, அவருக்கு அது வலி இல்லை என்று. அப்படியே வந்தது. பிறகு வரவில்லை. நான் ஒரு கேலி யோசித்து வைத்திருந்தேன். சொல்லவில்லை. நேற்றுச் சொல்லியிருக்கலாம்.

எல்லாம் முடிந்தபிறகு உடம்பைத் துடைக்க வெந்நீர் கொண்டுவந்தார்கள். நான் வாசலிலேயே நின்றேன். உள்ளே அன்புச்செல்வி குரல் கேட்டது:

"ஐயா, இந்தப் பக்கம் திருப்பறேனுங்க."



செப்டம்பர் 16, திங்கள்

விநாயகர் சதுர்த்தி. ஊரெல்லாம் ஸ்பீக்கர். என்னுடையது எதுவும் இல்லை. ஆர்டரை எல்லாம் அடுத்த தெருக்காரனுக்கு விட்டுவிட்டேன். அவன் செட்டு இரைகிறது. திட்டுவதற்குப் பக்கத்தில் ஆளில்லை.

நவம்பர் 21, வியாழன்

கார்த்திகை முகூர்த்தம். மேட்டுப்பாளையத்தில் கல்யாண வீடு, காய்கறி மண்டிக்காரர் ஒருவருடையது. பஷீர் வெளிச்சம், நான் சத்தம். பழைய சக்கரவர்த்தி சிம்மாசனம் ஏறிவிட்டார் என்று யானைகளுக்குச் சொல்லி அனுப்பியாகிவிட்டது. ஒரு மைக் ஸ்டாண்டு குறைகிறது. எங்கே இருக்கிறது என்று தெரியும். கேட்கப் போவதில்லை.

பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது, இரண்டு பாட்டுக்கு நடுவில் இருக்கும் அந்த இடைவெளியில் ஒரு குரல் கேட்டது. பின் அறையிலிருந்து. "ஏம்மா… ஏம்மா…" மறுபடி பாட்டு மூடிவிட்டது. அடுத்த இடைவெளியில் மறுபடி. யாரும் போகவில்லை. பிறகு அது தானாக நின்றது. எனக்குத் தெரிந்த நிற்றல்.

ஆம்ப்ளிஃபயரை அணைத்தேன். கல்யாண வீடே திரும்பிப் பார்த்தது. மண்டிக்காரர் ஓடி வந்தார்.

"ஏனுங்க, கரண்ட் போச்சுங்களா?"

"இல்லீங்க. உள்ள யாருங்க கூப்பிடறது?"

அவர் முகம் மாறியது. "எங்கப்பாருங்க. ஈரல்ல வந்திருக்குது. டாக்டர் ஊட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லிட்டாங்க. நாங்க அவருகிட்ட மஞ்சக்காமாலைன்னு சொல்லி வெச்சிருக்கறோம்."

நான் உள்ளே போனேன். கட்டிலுக்கு மேலே ஆணியில் ஒரு பாட்டில் தொங்கியது. கட்டில் பக்கத்தில் ஸ்டூல் இல்லை. ஒரு சேரை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன். "ஏனுங்கய்யா?" என்றேன். தண்ணீர் வேண்டுமாம். அரைக் கரண்டி கொடுத்தேன், முழுங்கும் வரை பார்த்துக்கொண்டு.

வெளியே வந்து மண்டிக்காரருக்கு வழி சொன்னேன். கோயமுத்தூர் பஸ்ஸில் ஏறி, காரமடை தாண்டினதும் இறங்கி, வேப்ப மரத்துக்குப் பின்னால். மீன் தொட்டி இருக்காது என்று முதலிலேயே சொல்லிவிட்டேன்.